ஓசோன் என்று நான் சொன்ன காற்று

மார்கழி மாத விடியற்காலையில் காற்றில் ஓசோன் நிறைந்திருக்கும், அதனால்தான் நம் முன்னோர்கள் பெண்களை வாசலில் கோலம் போடவும் ஆண்களைப் பஜனை பாடிக்கொண்டு தெருச் சுற்றவும் வைத்தார்கள் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களுக்கு அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவனாக இருக்கக்கூடும். அத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், ஆவடி ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடம், வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

நான் வேதியியலில் முதுகலை படித்தவன். ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கனரக வண்டிகளுக்குப் போகிற ரப்பர் பாகங்களைச் சோதிப்பது எங்கள் பிரிவின் வேலை. ரப்பர் எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க ஒரு பெட்டி உண்டு. அதற்குள் ரப்பர்த் துண்டை இழுத்து மாட்டிவிட்டு ஓசோன் வாயுவைச் செலுத்துவோம். முதலில் மேற்பரப்பில் மயிரிழை போலக் கீறல் விழும். பிறகு அது ஆழமாகி ரப்பர் பிளந்துகொள்ளும். பெட்டியின் கதவு சரியாக மூடாமல் வாயு கசிந்தால் தொண்டை காந்தும், நெஞ்சு இறுகும். வாசனை வந்தவுடன் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும் என்பது அங்கே விதி. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவன் நானேதான்.

இந்த இரண்டையும் ஒரே மண்டைக்குள் எப்படி வைத்திருந்தேன் என்று என் மருமகள் ஒருமுறை கேட்டாள். ஓசோன் ரப்பரைப் பிளக்கும் என்பது வேலை. மார்கழியில் ஓசோன் வரும் என்பது பெருமை. வேலையும் பெருமையும் எனக்குள் ஒருநாளும் சந்தித்துப் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது எனக்கு வேறு பெருமைகள் இருக்கின்றன. ஒன்று என் பேத்தி, இன்னொன்று அவளுடைய அம்மா. இருவரைப் பற்றியும் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் நான் செய்ததை விட்டுவிட்டு அவர்கள் செய்ததை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். வேலையில் இருந்த காலம் முழுவதும் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்காரர்களும் அங்கே உண்டு. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், நடுவே வேப்பமரங்களும் தூங்குமூஞ்சி மரங்களும். சொந்த வீடு இல்லையே என்ற குறை எனக்கு எப்போதும் இருந்தது. ஓய்வு பெற்றதும் கிடைத்த பணத்தில் திருமழிசைக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். ஒரு பக்கம் பழைய ஊர்த் தெருக்கள், மறுபக்கம் வயல், கொஞ்சம் தள்ளித் தொழிற்பேட்டை, இந்தப் பக்கம் நெடுஞ்சாலை. வீட்டின் படத்தை நானே வரைந்தேன். ஒவ்வொரு அறையிலும் எதிரெதிராக ஜன்னல்கள். இந்தப் பக்கம் நுழையும் காற்று அந்தப் பக்கம் வெளியேற வேண்டும். ஏசி தேவைப்படாத வீடு என்று கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் ஜன்னலுக்கு ஜன்னல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். என் மனைவி அப்போது இருந்தாள். “போதும், வந்தவங்கள சாப்பிட விடுங்க” என்றாள்.

வயல் இருந்த இடத்தில் கொட்டகைகள் வந்தன. ஒன்றில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கினார்கள், இன்னொன்றில் என்ன செய்தார்கள் என்றே தெரியாது, வாசனை மட்டும் வரும். நெடுஞ்சாலையில் லாரிகள் பெருகின. எதிரெதிர் ஜன்னல்கள் தம் வேலையை ஒழுங்காகச் செய்தன. தொழிற்பேட்டைப் பக்கம் நுழைந்தது நெடுஞ்சாலைப் பக்கம் வெளியேறியது, நெடுஞ்சாலைப் பக்கம் நுழைந்தது தொழிற்பேட்டைப் பக்கம் வெளியேறியது. ஜன்னல் கம்பிகளில் கரி படியும். மருமகள் காலையில் தரையைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மாலையில் திரும்பி வந்து வெறுங்காலோடு நாலு தடவை நடந்தால் பாதம் கறுத்துப்போயிருக்கும். பாதத்தைத் திருப்பி என் மகனிடம் காட்டுவாள், என்னிடம் காட்டமாட்டாள். வளர்கிற ஊர் என்றால் தூசி இருக்கத்தான் செய்யும் என்று நான் பொதுவாகச் சொல்லி வைப்பேன்.

பேத்தி பிறந்தது அந்த வீட்டில் இருக்கும்போதுதான். ஒன்றாம் வகுப்புப் படிக்கையில் அவளுக்கு இருமல் தொடங்கியது. மழைக்காலம் முடிந்து குளிர் வரும்போது வரும், தை பிறந்து கொஞ்ச நாளில் போகும். பிறகு போகாமல் தங்கிவிட்டது. விளையாடிவிட்டு வந்தால் மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் கேட்கும். நான் சளி என்றேன். ஐஸ், தயிர், வாழைப்பழம் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். வீசிங் என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றேன். நாளைக்கு ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது அந்தச் சொல் முன்னால் வந்து நிற்கும் என்று வாதம் செய்தேன். அப்போது அவளுக்கு ஏழு வயது.

என் மகன் என்னை எதிர்த்துப் பேசிப் பழகாதவன். மருமகள்தான் ஒரு சனிக்கிழமை என்னிடம் கேட்காமல் குழந்தையைப் பூந்தமல்லியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். அவள் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள், அவள் அப்பா லேத் பட்டறையில் வேலை செய்தவர். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன். ஏதாவது தவறாகச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அந்த மருத்துவர் அம்மாள் குழந்தையின் முதுகில் கருவியை வைத்துக் கேட்டார். பிறகு வீடு எங்கே என்றார். சொன்னோம். தொழிற்பேட்டைக்கு எவ்வளவு தூரம், ஜன்னல் எந்தப் பக்கம், வீட்டில் கொசுவத்தி கொளுத்துவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள், அவர்கள் உடம்பின் அளவுக்கு நம்மைவிட அதிகக் காற்று உள்ளே போகிறது, அதோடு போகிற புகையும் அதிகம் என்றார். நுரையீரல் பிறக்கும்போதே முழுதாக இருப்பதில்லை, பதின்பருவம் முடிகிற வரை வளரும், வளர்கிற காலத்தில் தினமும் புகை பட்டால் அது எட்ட வேண்டிய அளவை எட்டாது என்றார். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் புதிதில்லை. ஆனால் அடுத்து ஒன்று சொன்னார்.

“முடிஞ்சா வீட்ட மாத்திப் பாருங்க.”

என் முகத்தில் யாரோ அறைந்தது போலிருந்தது. அவர் குழந்தையின் நெஞ்சைப் பற்றிப் பேசினார், நான் என் கட்டடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பம்புகள் எழுதிக்கொடுத்தார். பழுப்பு நிறத்தது தினமும் காலையும் மாலையும், இளைப்பு வராமல் தடுக்க. நீல நிறத்தது இளைப்பு வந்தால் உடனே எடுக்க. குழந்தை என்பதால் ஸ்பேசர் என்கிற ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி அதன் வழியாக இழுக்க வேண்டும். திரும்பும்போது பேருந்தில் நான் பம்பு என்பது கடைசிக் கட்டத்து வைத்தியம், ஒருமுறை பிடித்துக்கொண்டால் விடாது என்றேன். மருமகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். “குடுத்துப் பாப்போம் மாமா” என்று மட்டும் சொன்னாள்.

மாலை வேளைப் பம்பை அவள் கொடுத்தாள். காலையில் அவள் சீக்கிரம் பேருந்து பிடிக்க வேண்டும், மகனுக்கும் ஷிப்ட். அதனால் காலை வேளை என் பொறுப்பானது. இனிச் சொல்லப்போவதுதான் நான் செய்தது. காலையில் நான் பம்பு கொடுக்கவில்லை. தூதுவளையும் அதிமதுரமும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மாலையில் அவள் “காலைல குடுத்தீங்களா மாமா” என்று கேட்பாள். கொடுத்தாச்சு என்பேன். குழந்தையிடம், அம்மாவிடம் சொல்லாதே, உன் நல்லதுக்குத்தான் என்றேன். அவள் சொல்லவில்லை. பெரியவர்கள் சொன்னதைக் காப்பாற்றுகிற குழந்தை. அந்தக் குணத்தை நான் அதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

இப்படி ஓரிரு மாதமல்ல. வருடக்கணக்கில் விட்டுவிட்டு நடந்தது. நடுவில் அவளுக்கு நன்றாக இருக்கும்போது கஷாயம் வேலை செய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலை வேளைப் பம்பு பாதியாவது காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது இப்போது புரிகிறது.

ஆறாம் வகுப்பில் அவளைக் கபடி பிடித்துக்கொண்டது. பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை இவள் காலைப் பார்த்துத்தான் எடுத்தாராம். பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டால் விடமாட்டாள். பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, ஆனால் பாடிப்போவதில்தான் தொல்லை. எதிர்ப்பக்கத்துக்குள் கபடி கபடி என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போக வேண்டும், மூச்சை விட்டால் அவுட். இவளுக்குப் பாதியிலேயே பாட்டு அறுந்துவிடும். வீட்டுக்கு வந்து அழமாட்டாள், பையைத் தூக்கி எறிவாள். எட்டாம் வகுப்பில் பள்ளி அணிக்குத் தேர்வானாள். பொங்கல் முடிந்து வட்டாரப் போட்டி. பாட்டு நிற்காமல் இருந்தால்தான் முதல் ஏழு பேரில் இடம், இல்லையென்றால் வெளியே பெஞ்சு என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

மார்கழி பிறந்தது. நான் இருக்கிறேன், கவலைப்படாதே என்றேன். மாதம் முழுவதும் விடியற்காலையில் என்னோடு நடக்க வா, ஓட்டமும் மூச்சுப் பயிற்சியும் செய்வோம், மார்கழிக் காற்றே மருந்து என்றேன். மருமகள் குளிரில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். பேத்தியே போகிறேன் என்றாள். அவளுக்கு அந்த ஏழில் ஒன்று வேண்டும்.

தினமும் இருட்டு விலகும் முன் கிளம்புவோம். ஊர்த் தெரு வழியாக நெடுஞ்சாலை ஓரம் வரை நடை, அங்கிருந்து அவள் ஓட்டம். சாலையோரத்தில் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் வரிசையாக நிற்கும். கடைக்காரர்கள் குப்பையைக் கூட்டிக் கொளுத்திக் குளிர் காய்வார்கள். கொட்டகைகளின் புகை மேலே போகாமல் வயல் தண்ணீர் போலத் தாழ்ந்து கிடக்கும். காற்றில்லாத குளிர்ந்த விடியலில் தரையருகே காற்று கனத்து உட்கார்ந்துகொள்ளும், புகை எழும்ப வழியிருக்காது, வெயில் ஏறினால்தான் கலையும். இதுவும் நான் படித்ததுதான். தரையருகே ஓசோன் உண்டாக வெயில் வேண்டும் என்பதும் படித்ததுதான். அதாவது நான் சொன்ன ஓசோன் அந்த நேரத்தில் அங்கே அனேகமாக இல்லவே இல்லை, இருந்திருந்தாலும் அது நஞ்சு. ஒரே வாக்கியத்தில் இரண்டு பக்கமும் தப்பு. முதுகலை படித்தவனால் மட்டுமே அவ்வளவு நேர்த்தியாகத் தப்புச் செய்ய முடியும்.

அங்கே டீக்கடை வைத்திருந்தவருக்கு என்னைக் கிண்டல் செய்வது பிடிக்கும். நடைக்கு வரும் மற்ற ஓய்வூதியக்காரர்களிடம் நான் விளக்கம் கொடுப்பதை டீ ஆற்றிக்கொண்டே கேட்பார்.

“நைனா, அந்த ஓசோனு கிலோ இன்னா வெலைக்குப் போவுது? நாலு பாக்கெட்டு போட்டுக் குடு, டீயோட சேத்து வித்துக்கினு இருப்பேன்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் பேத்தியிடம் திரும்பி, ஆழமாக இழு என்பேன். அவள் கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்து, நான் சொன்னபடி ஆழமாக இழுப்பாள்.

மார்கழியின் கடைசி நாள் போகி. ஒருநாள்கூட விடக் கூடாது என்று தொடங்கியதை அன்றைக்கு மட்டும் எப்படி விடுவது? கதவைத் திறந்ததுமே தெருமுனைத் தெருவிளக்கு தெரியவில்லை. வீட்டுக்கு வீடு பாயும் துடைப்பமும் எரிந்துகொண்டிருந்தன, பையன்கள் மேளம் அடித்தபடி டயரை எரித்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் போய்விட்டு வந்துவிடலாம் என்றேன். நெடுஞ்சாலைக்குப் போகும் வழியிலேயே அவள் இருமத் தொடங்கினாள். இருமட்டும், சளி வெளியே வரும் என்றேன். டீக்கடைக்கு முன்னால் வந்ததும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துக்குக் கீழே தொண்டைக்குழி உள்ளே உள்ளே போய் வந்தது.

“தாத்தா, முட்ல.”

அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பேச அவளிடம் மூச்சு இல்லை. நீலப் பம்பு வீட்டில், அலமாரியில், நான் வைத்த உயரத்தில் இருந்தது. நடைக்குப் போகிறவர்கள் யாராவது மருந்தைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று சொன்னவன் நான். டீக்கடைக்காரர் பெஞ்சைக் காலி செய்து அவளை உட்கார வைத்தார். படுக்க வைக்கலாம் என்று நான் தோளைத் தொட்டதும் அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். மருமகளுக்குப் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவள் ஸ்கூட்டியில் வந்தாள். போகிக்கு வீடு கழுவிக்கொண்டிருந்தவள், ஈரப் புடவையோடு வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. பம்பைக் குலுக்கி ஸ்பேசரில் செருகி மகளின் வாயில் வைத்து, நடுக்கமில்லாத குரலில், ஒண்ணு, மெதுவா, அவசரமில்ல, இன்னொண்ணு என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். நெருப்பில் மாட்டிக்கொண்டவரைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவருகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். அன்றைக்கு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே, அத்தனை பயத்துக்கும் நடுவில், இவள் என் வீட்டு மருமகள் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர எனக்கு என்ன உரிமை என்பது வேறு விஷயம்.

டீக்கடைக்காரர் ஆட்டோவை நிறுத்தி, “இஸ்துகினு போ மச்சான், சிக்னலு கிக்னலுனு நிக்காத” என்று டிரைவரை விரட்டினார். பூந்தமல்லி மருத்துவமனையில் பேத்தி மட்டுமில்லை. முகத்தில் நெபுலைசர் மாஸ்க் மாட்டிய குழந்தைகள் பெஞ்சு நெடுக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கைக்குழந்தைக்கு அந்த மாஸ்க் முகம் முழுவதையும் மூடியிருந்தது. எல்லா அம்மாக்களின் புடவையிலும் ஒரே புகை வாசனை.

வெகுநேரம் கழித்து விசில் சத்தம் அடங்கியது. அதே மருத்துவர் அம்மாள் வந்தார். பழுப்புப் பம்பு தினமும் போகிறதா என்று கேட்டார். மருமகள் சட்டென்று சொன்னாள்.

“டெய்லி போவுது டாக்டர். காலைல மாமா குடுக்கறாரு, சாயங்காலம் நான்.”

ஒழுங்காகக் கொடுத்தும் இப்படி என்றால் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், விளையாட்டைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம் என்று மருத்துவர் எழுதத் தொடங்கினார். பேத்தி மாஸ்க்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. சொல்லட்டுமா வேண்டாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிற பார்வை. நான் பேசாமலிருந்தால் அவளும் பேசமாட்டாள், தேவையில்லாத மருந்து உடம்புக்குள் போகும், கபடியும் போகும், என் கௌரவம் மட்டும் மிஞ்சும்.

“காலைல நான் கொடுக்கலை டாக்டர்” என்றேன். “ரொம்ப நாளாவே கொடுக்கலை.”

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். மருமகள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் மகளின் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

“நீங்க படிச்சவருன்னுதான மாமா உங்கள நம்பிக் குடுத்தேன்.”

என் வாழ்நாளில் என் படிப்பைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் நினைவில் இல்லை. இது இருக்கிறது.

வட்டாரப் போட்டிக்கு அவள் போகவில்லை. மருத்துவர் விளையாட்டை நிறுத்தச் சொன்னதை அடித்துவிட்டார். மருந்தை ஒழுங்காக எடுத்து உடம்பு தேறியதும் தாராளமாக ஆடலாம், ஆடுவது நல்லது என்றார். ஆனால் வீட்டைப் பற்றிச் சொன்னதை மறுபடியும் சொன்னார். இந்த முறை என்னைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானே எடுத்தேன். ஆவடி பக்கம், குவார்ட்டர்ஸ் மரங்களுக்குக் கொஞ்சம் அருகே, தெரு உள்ளடங்கிய ஒரு வாடகை வீட்டைப் பார்த்து முடித்தோம். திருமழிசை வீட்டுக்கு ஆள் தேடியபோது ஒரு தம்பதி இரண்டு வயதுக் குழந்தையோடு வந்தார்கள். ஜன்னல்களைப் பார்த்து அந்தப் பெண் முகம் மலர்ந்தாள். நல்ல காத்தோட்டம் சார் என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இப்படிச் சொல்லி வீடு வாடகைக்கு விடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் கணவர் சிரித்தார், ஆனால் திரும்பி வரவில்லை. பிறகு ஒரு கம்பெனியிலிருந்து அட்டைப்பெட்டி அடுக்கிவைக்கக் கேட்டார்கள். கொடுத்தோம். நான் வரைந்த ஜன்னல்களை எல்லாம் மூடி, கூரை வரை பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். வாடகை வாங்கப் போகும்போது பார்ப்பேன். வருத்தம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

ஆவடியிலும் தூசி உண்டு. போகிக்கு இங்கேயும் எரிக்கிறார்கள். அன்றைக்கு விடியும் முன்பே ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, வெயில் ஏறும் வரை கதவைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்து தாயம் ஆடுகிறோம். இப்படி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறிப்போக எல்லோராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் திரும்பி அதே தெருவுக்குத்தான் போயிருப்பார்கள்.

பேத்தி பழையபடி பயிற்சிக்குப் போன முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். ஆட்டத்துக்கு முன் பம்பு எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் கழிவறைப் பக்கம் போய் ஒளிந்து எடுப்பாள் என்று நினைத்தேன். நான் வளர்த்த வெட்கம் அல்லவா அது. அவள் மைதானத்தின் நடுவில், கோட்டின் மேலேயே நின்று, பையிலிருந்து குழாயை எடுத்துப் பொருத்தினாள். ஒருத்தி, இன்னாடி அது, ஊதலா என்றாள். இவள் இழுத்து, மூச்சைப் பிடித்து, மெதுவாக விட்ட பிறகுதான் பதில் சொன்னாள்.

“எனக்கு வீசிங் கீது. இத எட்த்தா ஆடுவேன். எட்க்காட்டி உன்ன மாதிரி நின்னு வேடிக்க பாக்கணும்.”

கேட்டவளே சிரித்துவிட்டாள். ஆசிரியை எல்லோரையும் உட்காரவைத்து, வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா, இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அடிக்கமாட்டேன் என்றார். பிறகு ஒரு கை உயர்ந்தது, அதைப் பார்த்து இன்னொன்று. இரண்டாவது பெண் தன் பம்பைச் சாப்பாட்டுப் பைக்குள் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். அவள் வீட்டிலும் என்னைப் போல ஒருவர் இருந்திருப்பார் போல.

அன்றிலிருந்து அந்தப் பெண்களுக்கு நான் ஓசோன் தாத்தா. பேத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒரு வருடத்துக்கு மேல் மருந்தை ஒரு வேளைகூட விடாமல் எடுத்தாள். ஊதிப் பார்க்கும் கருவியில் ஊதச் சொல்லி மருத்துவர் அவ்வப்போது சோதிப்பார். அண்மையில் ஊதியபோது நன்றாகத் தேறியிருக்கிறது என்றார். இவள் வயதுக்கு இருக்க வேண்டிய அளவுக்கு இன்னும் கொஞ்சம் குறைவுதான். அந்தக் குறைவில் எவ்வளவு தொழிற்பேட்டை, எவ்வளவு நெடுஞ்சாலை, எவ்வளவு நான் என்று பிரித்துச் சொல்ல எந்தச் சோதனைக்கூடத்திலும் வழியில்லை. இன்னும் வளரும் வயசுதான் என்று மருத்துவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருட வட்டாரப் போட்டி பொங்கலுக்குப் பிறகு நடந்தது. முதல் ஏழு பேரில் அவள் இருந்தாள். மருமகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். மைதான ஓரத்தில் சிமென்ட் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான். பேத்தி பிடிப்பதில் இரண்டு பேரைச் சாய்த்தாள். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஆசிரியை அவளைப் பாடிப்போகச் சொன்னார். அவள் கோட்டைத் தாண்டியதும் நான் என்னை அறியாமல் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கபடி கபடி என்று அவள் குரல் சுற்றி வந்தது. எதிரணியின் கடைசிக் கோட்டருகே போனஸ் கோடு ஒன்று உண்டு, அதைத் தாண்டி ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கினால் ஒரு புள்ளி. அவள் பாய்ந்து காலை வைத்தாள், அதே நொடியில் மூன்று பேர் சேர்ந்து அவளைத் தரையில் போட்டார்கள். எனக்கு மூச்சு முட்டியது. விசில் அடிக்கும் வரை, அவர்களுக்கு அடியிலிருந்து, அவள் பாட்டு வந்துகொண்டேயிருந்தது.

நடுவர் அவுட் என்றார், போனஸ் இல்லை என்றார். ஆட்டம் அந்த ஒரு புள்ளியில் போனது. பேத்தி எழுந்து மண்ணைக்கூடத் தட்டவில்லை, நேரே நடுவரிடம் போனாள்.

“கால் வெச்சன் மிஸ், கோட்டத் தாண்டி வெச்சன், அந்தக் கால் மேல இருந்துச்சு மிஸ், அதுக்கு அப்புறந்தான் அந்த மஞ்ச ரிப்பன் வந்து புட்ச்சா, வேணும்னா அவளயே கேளுங்க மிஸ், மண்ணுல பாருங்க என் காலு எங்க பட்டுக் கீதுன்னு, இதோ, இதோ கீது பாருங்க...”

நிற்காமல் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு இருமல் இல்லை, விசில் இல்லை, மூச்சு வாங்க ஓர் இடைவெளி இல்லை. மருமகளுக்கு வெட்கமாகிவிட்டது. படியிலிருந்து எழுந்து, “வாய மூடுடி, பெரியவங்ககிட்ட இன்னா பேச்சு” என்று கூப்பிடப் போனாள்.

“பேசட்டும்மா, விடு” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள், இந்த முறை இடம் விடாமல். இரண்டு பேருமாக அந்தச் சண்டை முடிகிற வரை கேட்டுக்கொண்டிருந்தோம். வெகுநேரம் ஆயிற்று.